ஓட்டை மாமா

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் எங்கள் வரிசையில் நாலாவது வீட்டு மாமாவிடம் எதை நீட்டினாலும் முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். ஜாதகம், கல்யாணப் பத்திரிகை, அப்பளம், எதற்கும் விலக்கில்லை. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் 31 வருஷம் பாய்லர் குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, பிலிமில் ஓட்டை தெரிகிறதா என்று பார்த்த கை அது. ரிடையர் ஆனபின் குழாய்க்கு வழியில்லை. தெரு இருந்தது.

இப்போது அவரிடம் சிக்கியிருப்பது எதிர் வீட்டுப் பையனின் கார்ட்டூன்.

பையனுக்கு நவல்பட்டு ஐ.டி. பார்க்கில் வேலை. ராத்திரி 10 மணிக்கு மேல் மாடி அறையில் விளக்கு எரிந்தால் படம் போடுகிறான் என்று அர்த்தம். (தெரு முதலில் வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டது.) ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களை எண்ணிப் பார்க்க ஓர் அணில் கிளம்புகிறது. எத்தனை முறை எண்ணினாலும் 953தான் வருகிறது. மிச்சம் 47 எங்கே போயிற்று என்று கோயில் முழுக்கத் தேடுகிறது. இதுதான் கதை. 7 நிமிஷப் படம். ஆரம்பித்து 3 வருஷம் ஆகிறது.

“வைகுண்ட ஏகாதசிக்கு 47 பந்தக்கால் நட்டு ஆயிரமாக்கிடுவான்னு பெரியவா சொல்லுவா. கோயில்ல யாரையாவது கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல தீர்ந்துபோற விஷயம். இதுக்கு அணில் எதுக்குடா?” என்றார் மாமா, கதை கேட்ட அன்றைக்கே.

அடுத்து, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். செகண்டுக்கு எத்தனை படம் என்று கேட்டார். சினிமாவில் 24 பிரேம், ஆனால் ஒரு படத்தையே ரெண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும் என்று பையன் விளக்கினான். அந்தத் தொழில் ரகசியத்தை அவன் வெளியிட்டிருக்க வேண்டாம். “அப்போ பாதி ஏமாத்து” என்று முணுமுணுத்தபடி மாமா பெருக்கினார். மொத்தம் 5,040 படம். முடிந்திருப்பது 1 நிமிஷம் 40 செகண்ட், அதாவது 1,200.

“வருஷத்துக்கு 400. பாக்கி 3,840. இன்னும் 9 வருஷம் 7 மாசம். உனக்கு 39 நெருங்கிடும். பொண்ணு வீட்டுல கேட்டா என்ன சொல்லட்டும், பையன் அணில் வரைஞ்சிண்டிருக்கான்னா?”

“மொட்டைக் கோபுரத்தையும் இப்படித்தானே மாமா சொல்லிண்டிருந்திருப்பா? நானூறு வருஷம் அப்படியே நின்னது. 87ல முடியலையா?”

ஸ்ரீரங்கத்தில் இதற்கு மேல் ஒரு வாதம் கிடையாது. 13 நிலை, 236 அடி. எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் சாட்சிக்கு வந்து நிற்கும். மாமா ஒரு செகண்ட் வாயடைத்துப் போனார். பையன் கணக்கில் 12 படம்.

“அதுக்கு அகோபில மடத்து ஜீயர் இருந்தார். ஒரு நிலைக்கு இளையராஜா கொடுத்தார். உன் அணிலுக்கு எந்த இளையராஜா இருக்கார்? நம்மூர்ல படம் போட்டவா இல்லையா என்ன? மதன் இங்கே பொறந்தவர்தான். ரெட்டைவால் ரெங்குடுவைப் பார்த்தோமா, சிரிச்சோமா, பக்கத்தைத் திருப்பினோமான்னு இருக்கும். நீ ஐயாயிரம் படம் போட்டு எத்தனை தடவை சிரிக்க வைக்கப்போறே?”

மாமாவை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று நினைத்துவிடக் கூடாது. எதிராளியின் துறையை ராத்திரி உட்கார்ந்து படிப்பவர். ஒரு வாரம் கழித்து, வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தோடு வந்தார்.

“லண்டன்ல ரிச்சர்ட் வில்லியம்ஸ்னு ஒருத்தர், ஆஸ்கர் வாங்கினவர். திருடனும் செருப்புத் தைக்கிறவனும்னு ஒரு கார்ட்டூனை 1964ல ஆரம்பிச்சார். 92 வரைக்கும் முடியலை. ஜாமீன் கொடுத்த கம்பெனி வந்து படத்தையே பிடுங்கிண்டு போயிடுத்து.”

“லாட்வியாவுல ஒருத்தர் ப்ளெண்டர்னு இலவச சாப்ட்வேர்லயே ‘ஃப்ளோ’ன்னு பூனைப்படம் எடுத்து 2025ல ஆஸ்கர் வாங்கினார் மாமா. அதுக்கு முந்தின படம் முழுக்க அவர் தனி ஆளாப் பண்ணினது. நானும் அதே சாப்ட்வேர்தான்.”

“அந்தப் பூனை பேசவே பேசாதாமே. உன் அணில் வாயை மூடறதே இல்லை.”

தெருவில் மற்றவர்களெல்லாம் நல்லவர்கள். முடிந்த 100 செகண்டைப் பையன் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டபோது, எட்டாவது செகண்டிலேயே முதல் கட்டைவிரல் வந்துவிட்டது. அப்புறம் வரிசையாகக் கைதட்டல், நெருப்பு, கும்பிடு. ‘சூப்பர் தம்பி, கலக்கல்’ என்று எழுதியது நான். இன்னும் பார்க்கவில்லை என்பதை இங்கே மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மாமா எதுவும் போடவில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்குக்கு நாலு அங்குலத்தில் வைத்து, கட்டைவிரலால் நிறுத்தி, தள்ளி, மறுபடி நிறுத்தி, நாலு தடவை பார்த்தார். பிறகு பையனைக் கூப்பிட்டார்.

“41-ஆவது செகண்ட். அணில் திரும்பறது பார். முதுகுல கோடு எத்தனை?”

பையன் குனிந்து பார்த்தான். ரெண்டு. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை. 3 வருஷத்தில் அவன் கண்ணிலேயே படவில்லை. கட்டைவிரல் நீட்டிய எவர் கண்ணிலும் படவில்லை.

“ராமர் போட்டது மூணு” என்றார் மாமா. குரலில் 31 வருஷ சர்வீஸ் மினுங்கியது. “சரி, அதை அவர் மன்னிச்சுடுவார். 1 நிமிஷம் 12 செகண்டுல யானை வரதே, நாமத்துக்குப் பாதம் எங்கேடா? ஸ்ரீரங்கத்து யானைக்கு வடகலை நாமமா? இது கோர்ட்டுக்குப் போயிடும்.”

அன்றைக்கு மாடி விளக்கு ராத்திரி 2 மணி வரை எரிந்தது. மறுநாள் காலையில் மாமா வாசலில் நின்றபடியே கேட்டார், “எத்தனை படம் திருத்தினே?” “முப்பது மாமா.” நோட்டைப் பிரித்து, 9 வருஷம் 7 மாசத்தை அடித்துவிட்டு 9 வருஷம் 8 மாசம் என்று எழுதினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டும் முதலில் மாமாவுக்குத்தான் போகிறது. குரூப்புக்கு அப்புறம். ஏன் என்று பையனைக் கேட்டேன். “உங்களுக்கும் அனுப்பட்டுமா சார்?” என்றான். பேச்சை மாற்றினேன்.

போன வெள்ளிக்கிழமை பெருமாளைச் சேவித்துவிட்டு வரும்போது, ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே வெயிலில் மாமா நின்றிருந்தார். விரல் காற்றில் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது, உதடு அசைந்தது.

“என்ன மாமா இங்கே?”

விரல் நின்றது. “போச்சு. 212 வரைக்கும் வந்திருந்தேன்” என்று என்னை முறைத்தார். “953ன்னு இவன் பாட்டுக்குப் போட்டிருக்கான். எண்ணினது யாரு?”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் தூணுக்குத் திரும்பினார்.