பத்து வருஷ மழை தாங்கும் ஜாக்கெட்

லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

போன்ல சொன்னா பாதியில சீரியல் ஆரம்பிச்சிடுச்சுன்னு வச்சிடுவ. அதான் எழுதறேன்.

"அப்பா புரட்டாசியில கேதார்நாத் போறாருடா, நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு அனுப்பு. ஆமா, அந்த வேகாத வெயில்ல கம்பளியெல்லாம் விப்பாங்களா?"ன்னு கேட்டியே, நல்லா கேட்ட. இந்த ஊர்ல 19 டிகிரிக்குக் கீழ இறங்கினதா கணக்கே கிடையாது. ஆனா ஜாக்கெட்டுக்குப் பஞ்சமில்ல. டிசம்பர் லீவு வந்தா ஜப்பான், கொரியான்னு பனி பார்க்க ஒரு கூட்டம் கிளம்பிடும். கிளம்பாதவங்க ஆபீஸ் ஏசிக்குப் பயந்து ஸ்வெட்டரோட உட்கார்ந்திருப்பாங்க. ஏசிதான் இந்த ஊரை வளர்த்துச்சுன்னு லீ குவான் இயூவே சொல்லியிருக்கார். பிரதமரானதும் மொதல் வேலைகள்ல ஒண்ணா அரசாங்க ஆபீசுக்கு அதை மாட்ட வச்சாராம். இது போதாதுன்னு ஜூரோங்ல, அறிவியல் மையத்துக்குப் பக்கத்துல 2000-ல ஸ்னோ சிட்டின்னு ஒண்ணு திறந்தாங்க. உள்ள மைனஸ் 5 டிகிரி. சனங்க டிக்கெட் வாங்கிட்டுப் போய் நடுங்கிட்டு வருது. நான் வேலைக்கு நிக்கிற குளிர்பதனக் கிடங்குல மைனஸ் 20. எனக்குக் காசு அவங்க தர்றாங்க. யோசிச்சுப் பார்த்தா லாபம்தான்.

நீ கல்யாணத் தரகர்கிட்ட, "பையனுக்கு சிங்கப்பூர்ல ஏசியில வேலை"ன்னு சொல்லி வச்சிருக்கியாம், தங்கச்சி சொல்லுச்சு. பொய்யில்ல. ஆனா அந்த ஏசிக்குள்ள பேனா எழுதாது, போன் பேட்டரி படுத்துடும், கொஞ்ச நேரத்துல மீசை விறைச்சுக்கும். பெருமைக்குச் சொல்லலம்மா, நம்ம வம்சத்துலயே குளிரைப் பத்திப் பேச அருகதை உள்ளவன் நான் ஒருத்தன்தான். அதனால ஜாக்கெட் விஷயத்துல அப்பா எதிர்ப்பேச்சு பேசக் கூடாதுன்னு சொல்லிடு.

போன ஞாயித்துக்கிழமை நானும் ரூம்ல இருக்கிற அறந்தாங்கி அண்ணனும் சிராங்கூன் ரோட்டுல இறங்கினோம். காளியம்மன் கோயில்ல ஒரு கும்பிடு, ஒரு டீ, அப்புறம் கடை கடையா ஏற்றம். வெளியில 33 டிகிரி. உள்ள நான் கழுத்து வரைக்கும் ஜிப்பு போட்டு, தலைக்கு மேல தொப்பியும் இழுத்துவிட்டு நிக்கிறேன். ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில நின்ன ஆளுங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. ஒருத்தர் பாவப்பட்டு, "தம்பி, காய்ச்சலா?"ன்னே கேட்டுட்டார்.

கடைக்காரர் மொதல்ல வாத்து இறகு ஜாக்கெட்டைக் காட்டினார். "எண்ணூறு, எண்ணூறு"ன்னார். நான் விலைன்னு நெனச்சுப் பதறிட்டேன். இறகு எவ்வளவு உப்பி நிக்கும்கிற கணக்காம் அது. எடி பவர்னு ஒரு அமெரிக்காக்காரர், மீன் பிடிக்கப் போன இடத்துல கம்பளி நனைஞ்சு விறைச்சுச் சாகக் கிடந்தாராம். அப்புறம்தான் 1936-ல இறகு ஜாக்கெட் பண்ணினாராம். அண்ணன் போன்ல படிச்சுச் சொன்னார். நல்ல கதைதான். ஆனா இறகுக்கும் ஈரம் ஆகாது. நனைஞ்சா கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு, மழையில மாட்டின கோழி கதிதான். கேதார்நாத் 3,583 மீட்டர் உயரம், கௌரிகுண்டுல இருந்து பதினாறு கிலோமீட்டர் ஏறணும், எந்த நேரத்துல மழை பிடிக்கும்னு சொல்ல முடியாது. அதனால இறகு வேண்டாம்னுட்டேன். நனைஞ்சாலும் சூடு விடாத செயற்கைப் பஞ்சு ஒண்ணு இருக்கு. 1980-கள்ல அமெரிக்க ராணுவம் இறகுக்குப் பதிலா ஒண்ணு வேணும்னு கேட்டு, பண்ணிக் கொடுத்தது, பேரு பிரைமாலாஃப்ட். இப்ப அந்த வகையில நிறைய வருது. அதுல ஒண்ணு எடுத்தேன்.

அதோட சீட்டுல "10,000 மில்லிமீட்டர்"னு போட்டிருந்துச்சு. அங்கதான் வினை. அண்ணன் உடனே கணக்குப் போட்டார். "நம்மூர்ல வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டர் மழை. பத்தாயிரம்னா உங்கப்பா பத்து வருஷம் நிக்காம நனையலாம்டா." அது மழைக் கணக்கு இல்ல, துணி மேல பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னாலும் ஒழுகாதுங்கிற கணக்குன்னேன். கேட்கல. சோதிச்சே ஆகணும்னுட்டார்.

டார்மிட்டரி பாத்ரூம்ல கைலிக்கு மேல ஜாக்கெட்டோட என்னை நிக்க வச்சு, அண்ணன் வாளி வாளியா ஊத்தினார். பட்டுக்கோட்டைப் பையன் வருஷத்தை எண்ணினான். "ஒரு வருஷம் ஆச்சு... தானே புயல் வந்துடுச்சு... கஜா வந்துடுச்சு..." கஜாவுக்கு மட்டும் ரெண்டு வாளி. பல்லு விளக்க வந்த வங்காளதேசக்காரர் ஒருத்தர் என்ன ஏதுன்னு கேட்டுட்டு, அவர் பங்குக்கு ஒரு வாளி ஊத்திட்டுப் போனார். துணி அசையல. ஆனா கழுத்து வழியா எறங்கின தண்ணி முதுகுல ஆறா ஓடுச்சு. அப்பத்தான் புரிஞ்சுது, மழை துணியைத் தேடாது, ஓட்டையைத் தேடும். மறுநாளே போய் மாத்திட்டு வந்தேன்னு நெனைக்காதே, நனைச்சதைக் கடைக்காரர் வாங்குவாரா? ஜிப்புக்கு மேல மடிப்பு இருக்கு, உள்ள தையல் மேலயெல்லாம் பட்டை ஒட்டியிருக்கு, பொருள் நல்ல பொருள்தான். தொப்பியை இழுத்துக் கட்டாதது மட்டும்தான் குறை. அப்பாவோட குரங்குக் குல்லாவுக்கு மேலயே அந்தத் தொப்பி போடலாம், அளவு பார்த்துட்டேன்.

இப்ப அப்பாவுக்கு நீ படிச்சுக் காட்ட வேண்டியது. உள்ள பருத்தி பனியன் போடக் கூடாது. வேர்வையைக் குடிச்சு ஈரமாவே கிடக்கும். கூட ஒரு மெல்லிசு பாலியஸ்டர் பனியன் வச்சிருக்கேன், அதைப் போடட்டும். ஏறும்போது ஜிப்பைத் திறந்து விடணும், நின்ன உடனே மூடணும். குளிர்ல ஆளை அடிக்கிறது வெளிப்பனி இல்லம்மா, உள்வேர்வை. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல. பெட்டி தூக்கி வேர்த்து, வெளியில வெயில்ல நின்னு, திரும்ப மைனஸ் 20-க்குள்ள போறவன் நான். முட்டி ரெண்டும் ராத்திரியில பேசுது. ஏசியில வேலைன்னா சும்மாவா?

நேத்து தூக்கின பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? முருங்கைக்காய். விரல் நீளத்துக்கு நறுக்கி, கல்லா உறைஞ்சு கிடக்கு. நம்ம கொல்லையில அது விழுந்து காஞ்சு, யார் வேணும்னாலும் பறிச்சுட்டுப் போங்கன்னு நீ சொல்லிட்டு இருப்ப. இங்க கையுறை போட்டு, பார்கோடு அடிச்சு, கையெழுத்து வாங்கிட்டுத்தான் தொட விடறாங்க. அப்பாகூட மலையேறிப் பையைத் தூக்க நான் இல்ல. முருங்கைக்காயைத் தூக்கிட்டு இங்க நிக்கிறேன். சரி, விடு.

திருத்துறைப்பூண்டிப் பையன் அடுத்த வாரம் ஊருக்கு வர்றான், அவன்கிட்ட கொடுத்து விடறேன். விலைச்சீட்டைக் கிழிச்சுட்டேன். அப்பா கேட்டா, கம்பெனியில சும்மா கொடுத்ததுன்னு சொல்லிடு. விலை தெரிஞ்சா அழுக்காயிடும்னு மடிச்சுப் பையிலயே வச்சிருந்து, சாமி சந்நிதியில துண்டைப் போர்த்திக்கிட்டு நிப்பார்.

இப்படிக்கு,
ஏசியில வேலை பார்க்கும் உன் மகன்