குன்றேறிக் கேட்டவை

(இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் குன்றுகளைப் பற்றியவை. விடுமுறை வருகிறது என்று புரிகிறது.)

அமெரிக்காவில் இருக்கும் என் மகன், மேசா வெர்டே என்ற இடத்தில் மலை இடுக்கில் பழைய ஊர் இருக்கிறது, அரை மணி நேரம் நடந்து போய்ப் பார்த்தோம் என்று படம் அனுப்பியிருக்கிறான். நம் பக்கம் அப்படி உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம்

அங்கே பியூப்லோ மக்கள் பாறை இடுக்கில் வீடு கட்டி வாழ்ந்தது 12, 13-ஆம் நூற்றாண்டுகளில். நீங்கள் செஞ்சி பஸ் ஏறி 20 கிலோமீட்டர் வாக்கில் மண்டகப்பட்டில் இறங்கினால், அதைவிட ஐந்நூறு வருஷத்துக்கு மேல் மூத்த குகைக் கோயிலைப் பார்த்துவிடலாம். மகனுக்குப் பதில் படம் அனுப்புங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால், பெண் என்பதால் அவருக்கு டிக்கெட் காசே கிடையாது.

மண்டகப்பட்டுக்குப் போனோம் சார். ஒரு குகை, இரண்டு சிலை. அவ்வளவுதானா?
– கல்லூரி மாணவர், திண்டிவனம்

அவ்வளவுதான் தம்பி. ஆனால் அந்த 'அவ்வளவு'க்கு முன்னால் தமிழ்நாட்டில் எவ்வளவு இருந்தது? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று அங்கே கல்வெட்டு வைத்திருக்கிறார் 'விசித்திரசித்தன்' என்ற பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன். காலம் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எதையெல்லாம் வாங்கவில்லை என்று பட்டியல் போட்ட ஒரே பில் அதுதான்!

அடுத்த முறை தூணைக் கீழிருந்து மேலே பாருங்கள். அடியில் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை, மேலே மறுபடி சதுரம். தச்சர் மரத்தூணின் முனைகளை இழைத்து எடுத்த மாதிரி இருக்கும். மரம் வேண்டாம் என்றவருக்கும் மரத்தின் ஞாபகம் போகவில்லை. உள்ளே மூன்று அறைகளும் காலி. வாசலில் இரண்டு காவலர்கள் மட்டும் நிற்கிறார்கள். முதலாளி கிளம்பிவிட்டார் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கீழ்வாலைப் பாறை ஓவியத்தில் இருப்பது சிந்துவெளி எழுத்தா?
– வாசகர், திருக்கோவிலூர் சாலை

அப்படி வாதாடியவர்கள் உண்டு. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரும் வரைக்கும் படங்களைப் பாருங்களேன்: செங்காவியில் தீட்டிய ஆட்கள், தலை மட்டும் பறவை முகம். ஒருவர் விலங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போகிறார். உட்காருபவர் ஒருவர், இழுப்பவர் ஒருவர் என்ற ஏற்பாடு எவ்வளவு பழசு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

திருநாதர் குன்றில் தமிழாசிரியர்கள் பார்க்க என்ன இருக்கிறது?
– தமிழாசிரியை, செஞ்சி

ஓர் எழுத்து இருக்கிறது அம்மா. பாறையில் வரிசைக்குப் பன்னிரண்டாக 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கல்வெட்டுக்கு வாருங்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்த இடம் என்று அது சொல்கிறது. அந்த ஐம்பத்தேழின் 'ஐ' இருக்கிறதே, அந்த உயிரெழுத்தைக் கல்லில் முதன்முதலாகக் காண்பது இங்கேதான் என்பார்கள். பிள்ளைகளுக்கு 'ஐ' என்றால் ஐவர் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஒருவர் சோற்றை விட்ட கணக்கில் அது கல்லேறியிருக்கிறது.

அந்தச் சமணர்களும் பியூப்லோக்காரர்கள் மாதிரி அழிந்துபோனவர்கள்தானே?
– வாசகர், புதுச்சேரி

ஒரே கேள்வியில் இரண்டு தப்பு! பியூப்லோ மக்கள் 1300 வாக்கில் மேசா வெர்டேயை விட்டுப் போனார்கள்; ஊர் மாறினார்களே தவிர உலகத்தை விட்டுப் போகவில்லை. ஹோப்பி, சூனி என்று அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் இருக்கிறார்கள். அந்த இடங்களை 'இடிபாடு' என்றால் முகம் சுளிப்பவர்களும் அவர்களில் உண்டு. பாட்டன் வீட்டை இடிபாடு என்றால் நமக்கு மட்டும் இனிக்குமா?

இங்கேயும் அதே கதைதான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூருக்குப் போங்கள். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது, மடாதிபதி இருக்கிறார், கோயிலில் பூசை நடக்கிறது. அவர்களை நயினார் என்பார்கள்; ஊரில் 'நயினார் வீடு எது' என்று கேட்டால் வழி சொல்வார்கள். அழிந்துபோனவர்கள் மோர் கொடுத்து உபசரிக்க மாட்டார்கள்.

செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது மராட்டியர் கணக்கிலாமே? நம் கோட்டை இல்லையா அது?
– கோபக்காரர், வளத்தி

2025 ஜூலையில் சேர்ந்தது 'மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற தலைப்பில். பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்முடையது. சிவாஜி 1677-இல் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் முகலாய முற்றுகைக்கு ஈடுகொடுத்து 1698 வரை இங்கே தாக்குப்பிடித்தார். கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று குடியிருந்தவர் பட்டியல் நீளம். பதக்கம் யார் பெயரில் வந்தால் என்ன? கோட்டையின் ராஜகிரி மலையில் மூச்சு வாங்கப்போவது உங்களுக்குத்தானே!

ராஜகிரி ஏற என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?
– புதுமணத் தம்பதி, திண்டிவனம்

தண்ணீர், தொப்பி, விடியற்காலை. சித்திரை வெயிலில் வேண்டாம். தின்பண்டம் எடுத்துப்போனால் அது குரங்குக்கு என்று முன்பே மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். போன தடவை என் முறுக்குப் பொட்டலம் என்னைவிட முன்னால் ஏறிவிட்டது.

பனைமலை ஓவியத்தில் அப்படி என்ன விசேஷம்?
– இல்லத்தரசி, விக்கிரவாண்டி

பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், ஒரு சிறு சன்னதிச் சுவரில் பார்வதி நிற்கிறாள். தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்து ஒயிலான சாய்வு. சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். ஆடியவர் சுவரில் ஏறக்குறைய அழிந்துவிட்டார், பார்த்தவள் நிற்கிறாள். வீட்டுக்கு வீடு இதுதானே அம்மா நிலவரம்?

திருவக்கரைக் கல்மரப் பூங்காவிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து வரலாமா? ஷோகேஸில் வைக்கத்தான்.
– பெயர் வேண்டாம் என்கிறார்

பெயர் வேண்டாம் என்னும்போதே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சுமார் இரண்டு கோடி வருஷத்து மரங்கள் அவை. வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதால், எங்கிருந்தோ வெள்ளம் அடித்துவந்து மண்ணில் புதைத்தவை என்கிறார்கள். மரத்தின் நார் இருந்த இடத்தில் மணல்சத்து மெல்ல மெல்லக் குடியேறி, வளையம் வளையமாக அப்படியே கல்லாகிவிட்டது. ஊர்க்கதையோ அவை வக்ராசுரனின் எலும்பு என்கிறது. இரண்டில் எதை நம்பினாலும் ஷோகேஸில் வைக்கிற பொருளா அது?

குகைச் சுவரில் என் பெயரையும் அவள் பெயரையும் எழுதினால் என்ன தப்பு? மகேந்திரவர்மனும் எழுதினாரே!
– காதலன், மயிலம்

அவர் கோயிலைக் குடைந்துவிட்டுப் பெயர் வெட்டினார். நீங்கள் எதைக் குடைந்தீர்கள்? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஒரு லட்சத்தில் கல்யாணச் சாப்பாட்டையாவது முடிக்கலாம்.

நான் குவாரியில் வேலை செய்கிறேன். கல்லை உடைத்தால் எங்களுக்குச் சோறு. சும்மா நின்று பார்த்தால் என்ன கிடைக்கும்?
– தொழிலாளி, வானூர் பக்கம்

நியாயமான கேள்வி அண்ணே. நான் உட்கார்ந்து இதை எழுதுகிற வீட்டுக் கூரையிலும் உங்கள் கை உடைத்த ஜல்லிதான் இருக்கிறது. அதனால் கல்லையே தொடாதே என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஒன்றே ஒன்று. மண்டகப்பட்டுக்கு வந்தவர்களும் உளியோடுதான் வந்தார்கள். உங்களைப் போலவே கூலிக்குப் பாறையை வெட்டி வெட்டி வெளியே கொட்டினார்கள். கொட்டிய கல் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. வெட்டாமல் விட்ட கல்லைத்தான் 1,400 வருஷம் கழித்தும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறோம். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த தொழிலாளிகள் அவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அந்த உளித் தழும்பைப் பார்த்ததும் உங்களுக்குப் புரிவது எங்கள் யாருக்கும் புரியாது.