இடி விழுந்ததாம்!

சென்னையை ஒட்டிய எங்கள் மாங்காட்டில் மலை கிடையாது. கண்ணுக்கு எட்டுகிற மேடு என்றால் முருகன் குடியிருக்கும் குன்றத்தூர்க் குன்று ஒன்றுதான். அதனால் வீடு கட்டும் முன்னால் மண் தாங்குமா, சரிவு நிற்குமா என்று பார்க்கச் சொன்னால், "அதெல்லாம் ஊட்டிக்காரங்க கவலை சார்" என்று மனைத் தரகர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஒரு சரிவும் இல்லாத தரையில் 61 உயிரைப் புதைத்த பெருமை எங்கள் வட்டாரத்துக்கு உண்டு. இடம், இங்கிருந்து கூப்பிடு தூரத்து மௌலிவாக்கம். நாள், 2014 ஜூன் 28, சனிக்கிழமை. வழக்குப் பதிவானது மாங்காடு காவல் நிலையத்தில்.

சனிக்கிழமை என்றால் வாரக்கூலி நாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. கூலிக்கும் ஒதுங்குவதற்கும் கீழே கூடியிருந்தார்கள் வேலையாட்கள். ஸ்ரீகாகுளம், விஜயநகரம், ஒடிசா, நம் தென் மாவட்டங்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்து சித்தாளாகவும் கொத்தனாராகவும் கம்பி கட்டுகிறவர்களாகவும் இருந்தவர்கள். பிரைம் சிருஷ்டி என்ற நிறுவனம் 'டிரஸ்ட் ஹைட்ஸ்' என்ற பெயரில் எழுப்பிக்கொண்டிருந்த இரண்டு 11 மாடிக் கட்டடங்களில் ஒன்று, மாலை ஐந்து மணி வாக்கில் அப்படியே கீழே உட்கார்ந்தது. 27 பேரை உயிரோடு எடுத்தார்கள். 61 பேரை எடுக்கத்தான் முடிந்தது.

காரணம் என்ன என்று கேட்டபோது கட்டியவர் தரப்பு சொன்ன பதில் தமிழ்நாட்டுப் பொறியியல் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டியது: இடி விழுந்துவிட்டது.

என்ன ஒரு படித்த இடி பாருங்கள். பக்கத்திலேயே அதே உயரத்தில், அதே வரைபடத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தைத் தொடவில்லை. சுற்றியிருந்த செல்போன் கோபுரங்களைச் சீண்டவில்லை. தென்னை மரங்களைக்கூட மன்னித்துவிட்டது. நேராக வந்து, எந்தத் தூண் மெலிந்தது, எந்த அடித்தளம் நொய்ந்தது என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போலப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் கைவைத்தது. கட்டட அனுமதி தரும் சிஎம்டிஏவில் அந்த இடிக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருந்தால் நாடு உருப்பட்டிருக்கும்.

அன்றைய முதல்வர் நேரில் வந்து பார்த்துவிட்டு, சிஎம்டிஏ விதிப்படித்தான் அனுமதி தந்தது, கட்டியவர்தான் அதன்படி கட்டவில்லை என்ற பொருளில் பேசினார். ஆக, காகிதம் ஆடாமல் அசையாமல் நின்றது, கட்டடம்தான் படுத்துவிட்டது. பிறகு நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம். 2015இல் அறிக்கை சட்டப்பேரவைக்கு வந்தது. கட்டியவர் பக்கம் விரல் நீண்டது. விரல் நீட்டும் கலையில் நம் அரசுக்கு ஈடில்லை. அந்த விரல் எப்போதும் கோட்டைக்கு வெளியே பார்த்துத்தான் நீளும்.

மிச்சமிருந்த இரட்டையை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். மொட்டைமாடிகளில் கூட்டம், தொலைக்காட்சிகளில் நேரலை. சொன்ன நேரம் சில மணி தள்ளிப்போனாலும், சில நொடிகளில் காரியம் முடிந்தது. எங்கள் பகுதியில் ஒரு கட்டட வேலையை நிபுணர்கள் தூண் தூணாகக் கணக்குப் போட்டு, அக்கம்பக்கத்தாரை முன்கூட்டியே பத்திரமாக வெளியேற்றி, ஒரு கூலியாளுக்கும் கீறல் இல்லாமல் நடத்திக் காட்டினார்கள் என்றால், அது இந்த இடிப்பு வேலைதான்.

இனி மாங்காட்டில் மனை வாங்குகிறவரின் புத்திசாலித்தனத்துக்கு வருவோம். நேற்றுவரை நாற்று நட்ட வயலில் இன்றைக்குக் கல் நட்டிருக்கிறார்கள். ஏரிப் பாசனத்தில் முப்போகம் விளைந்த களிமண். நெல்லுக்கு அமிர்தம்; அஸ்திவாரத்துக்கு எமன். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் நாலு லோடு சவுடு மண்ணும், எங்கேயோ இடித்த வீட்டுக் கழிவும் கொட்டி, ஜேசிபி வைத்து நிரவி, "மேட்டு மனை சார், தண்ணி நிக்கவே நிக்காது" என்கிறார் தரகர். மேடு நேற்று ராத்திரிதான் லாரியில் வந்திறங்கியது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். வாங்குகிறவரும் கேட்க மாட்டார். அவருக்கு வேறு கவலை இருக்கிறது: தெருக்குத்து இருக்கிறதா? ஈசானிய மூலை வளர்ந்திருக்கிறதா? அடுப்பு அக்கினி மூலையில் வருமா?

வாஸ்து நிபுணர் வருகிறார். திசைகாட்டி வைத்துக் கழிப்பறையை நாலடி நகர்த்தச் சொல்லிவிட்டுத் தட்சணை வாங்கிப் போகிறார். அவர் காலடியில் இருக்கும் மண்ணைக் குனிந்தும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் அவர் பேர் சொல்லிப் பிழைக்கும் சாஸ்திரம் முதலில் பார்க்கச் சொன்னதே மண்ணைத்தான். ஒரு முழம் குழி வெட்டு, வெட்டிய மண்ணை அதிலேயே திரும்பப் போடு. மண் மிஞ்சினால் உத்தமம், சரியாய் நிரம்பினால் மத்திமம், குறைந்தால் அந்த மனையே வேண்டாம் என்றார்கள் முன்னோர்கள். மண் எவ்வளவு இறுகிக் கிடக்கிறது என்று பார்க்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. சாஸ்திரத்தில் குழி வெட்டும் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பணம் வரும் மூலையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இன்றைக்கு அந்தக் குழிக்குப் பதில் சாயில் டெஸ்ட். ஆழ்துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழ வைத்து, குழாய் மண்ணுக்குள் இறங்க எத்தனை அடி பிடிக்கிறது என்று எண்ணுவார்கள். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி என்பதுதான் எண். அடி குறைந்தால் மண் இளக்கம். அவ்வளவுதான் விஷயம். இந்தக் கட்டுமானத் தொழில் முழுவதிலும் மேல்வரும்படி பார்க்கத் தெரியாத ஒரே ஊழியர் அந்தச் சுத்தியல். அதனால்தானோ என்னவோ, அதை வேலைக்குக் கூப்பிட யாருக்கும் மனம் வருவதில்லை. பக்கத்து லே-அவுட்டுக்கு எடுத்த அறிக்கை கணினியில் இருந்தால் சர்வே எண்ணை மாற்றிக்கொள்ளலாம். களிமண்ணுக்குத் தெரியவா போகிறது? மேஸ்திரி வேறு காலால் ஒரு மிதி மிதித்துவிட்டு, "நல்ல தரை, அஞ்சடி போதும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். இரண்டு மழை கழித்து ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக விரிசல் ஓடும். பெயின்டர் பட்டி பார்த்துவிடுவார். அதற்கப்புறமும் வீடு அமிழ்ந்தால், ஜாக்கி வைத்துத் தூக்கித் தர ஆள் இருக்கிறார்கள். வீட்டை ஜாக்கியில் ஏற்றலாம். வீட்டுக்குக் கீழே இருப்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் கூடாது!

எங்கள் ஊர் அம்மனைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஐந்து தீக்கு நடுவே, இடது கால் கட்டைவிரல் நுனியில் நின்று தவம் செய்தவள் மாங்காட்டுக் காமாட்சி. அது தெய்வத்தின் தவம். அடுக்குமாடி கட்டுகிறவர்கள் அதைக் கட்டடவியல் பாடமாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது: அம்மனே கட்டைவிரலில் நிற்கும் ஊரில், ஒல்லித் தூணில் நமது மாடிகள் நிற்காதா என்று. பூமி பூஜையன்று அவள் சந்நிதிக்கு வந்து அர்ச்சனைச் சீட்டு வாங்குகிறார்கள். பாரத்தை அவள் தலையில் போட்டுவிட்டால் மண் பார்க்கும் செலவு மிச்சம்.

அரசும் பக்தியில் குறைந்ததல்ல. அது மனசாட்சியின் பக்தர். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுகிறவருக்குச் சுயசான்று போதும். நானே எனக்குச் சான்று. இணையத்தில் ஏற்றினால் உடனே அனுமதி. கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றும் வேண்டாம். அலுவலகத்துக்கு நடையாய் நடந்து செருப்பு தேய்ந்தவர்களுக்கு இது பெரிய விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: வந்து பார்க்க வேண்டியவர் லஞ்சம் வாங்குகிறார் என்று புகார் வந்தது, அரசு லஞ்சத்தை ஒழிக்கவில்லை, பார்ப்பதை ஒழித்துவிட்டது. மண்ணுக்கும் ஒரு சுயசான்று வாங்கிவிட்டால் கோப்பு முழுமை பெறும்.

சரி, நிஜமாகவே மலை உள்ள ஊர்களில் மட்டும் என்ன கிழித்துவிட்டோம்? 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு வ.உ.சி. நகர் வீட்டின் மேல் இறங்கியது. ஏழு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அடுத்த நாட்களில் ஐஐடி பேராசிரியர்கள் வந்தார்கள், மண்ணைப் பார்த்தார்கள். கார்த்திகை தீபம் நெருங்கியது. பக்தர்கள் மலை ஏறலாமா, மண் தாங்குமா என்று ஆராய நிபுணர் குழு போனது. ஈரம் ஊறிக் கிடக்கிறது, ஆபத்து என்றது. அந்த வருடம் பக்தர்களை மலை ஏற விடவில்லை. சரியான முடிவு. ஆனால், ஒருநாள் ஏறி இறங்குகிற கால்களுக்கு நிபுணர் குழு போட்ட அரசாங்கம், அதே மலையடியில் வருடம் 365 நாளும் படுத்துறங்குகிற குடும்பங்களுக்காக அதற்கு முன்னால் எத்தனை குழு போட்டது? அவர்களுக்கு வீட்டுவரி ரசீதும், மின் இணைப்பும், வாக்காளர் அட்டையும் கொடுக்க மட்டும் அலுவலர்கள் தவறாமல் ஏறிப் போயிருக்கிறார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் ஊட்டி லவ்டேலில், ஒரு வீட்டு வேலைக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேல், மேட்டில் இருந்த பழைய கழிப்பிடக் கட்டடம் சரிந்தது. ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பது கீழே வரும் என்று சொல்ல ஐஐடி வேண்டாம். மணல் குவித்து விளையாடும் பிள்ளை சொல்லும். முட்டுக்கொடுக்க நேரமில்லை, செலவாகும், நாள்கூலிதானே என்று நினைத்தவர்கள்தான் தோண்டச் சொல்கிறார்கள். மௌலிவாக்கத்தில் செத்த 61 பேரில் ஒருவர்கூட அங்கே ஒரு படுக்கையறை வாங்கியவர் இல்லை; அனுமதியில் கையெழுத்துப் போட்டவரும் இல்லை. மண்ணைப் பார்க்காமல் மிச்சம் பிடித்த பணம் ஒருவர் பைக்குப் போகிறது, மண் வேறொருவர் வாய்க்குப் போகிறது. இதை விபத்து என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அறிக்கை இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் அபாயத்தில் இருக்கின்றன என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலை மலை வந்து மூடியபோதும் நம் மக்கள் அதே லயன்களில்தான் இருந்தார்கள். மாற்று வீடு கொடுக்காத எச்சரிக்கை, பின்னால் கைகழுவப் பயன்படும் தண்ணீர்.

ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகள் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. 1976இல் இன்னொன்று. 1977இல் சரிவுகளைக் கண்காணிக்கவென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். மனிதன் வெட்டிய சரிவு, கட்டிய தடுப்புச்சுவர் என்று சுமார் 60,000 இடங்களுக்கு எண் கொடுத்து, பராமரிக்க வேண்டியவர் யார் என்று பதிந்துவைத்தார்கள். நாமும் சுவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. இங்கே ஒவ்வொரு தடுப்புச்சுவரிலும் கட்சி எழுத்தும், எந்த வருடம் வரை ரிசர்வ் என்ற குறிப்பும் இருக்கிறது. அந்தச் சுவரில் நீர் வடியும் துளை இருக்கிறதா, மழையில் பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம் எங்கே போகும் என்று மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. துளை போட்டால் தலைவர் படத்தில் கண் இருக்கும் இடத்தில் ஓட்டை விழுமே!

சமவெளிக்காரர் இதையெல்லாம் படித்துவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்க வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிக் கார் நிறுத்தப் பதினைந்தடி தோண்டினால், அந்த நிமிடமே மாங்காட்டிலும் ஒரு மலைச்சரிவு பிறந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால் அதில் தண்ணீரும் இறங்கிவிடுகிறது. தோண்டுகிற ஆளுக்கு முட்டுப்பலகை கொடுத்தார்களா என்று உங்கள் தெருவிலேயே எட்டிப் பாருங்கள்.

அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவராக இருந்தால், ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் கோளாறு வந்தால் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ரேரா சட்டம் சொல்கிறது. ஐந்து ஆண்டு கழித்து மண் விழித்துக்கொண்டால் அது உங்கள் பாடு. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னாலேயே மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை இடத்தில் துளை போட்டார்கள், எவ்வளவு ஆழம், நிலத்தடி நீர் எத்தனை அடியில், யார் கையெழுத்து என்று படியுங்கள். புரியாவிட்டால் வெளியில் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். கிரகப்பிரவேசப் பந்தியில் ஒரு வரிசை இலையைக் குறைத்தால் அவர் கட்டணம் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால், அதில் போட்டிருப்பது உங்கள் மனையின் சர்வே எண்தானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.