முட்டையா, கல்லா?

கேள்வி: நம் நம்பிக்கைகளைச் சோதித்து, மனதையும் அடக்கிவிட்டால் 'நான் யார்' என்று தெரிந்துவிடுமா?

பதில்: முதலில் குன்னம் என்ற ஊருக்குப் போய் வருவோம். 2020 அக்டோபரில் அங்கே குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை' என்று செல்போன்களெல்லாம் அடைகாக்கத் தொடங்கின. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட் என்ற கடலுயிரியைச் சுற்றி இறுகிய படிவ உருண்டைகள் என்றார்கள். முட்டை போனது; ஆனால் கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த வறண்ட சீமையே கடலடியில் கிடந்தது என்ற பெரிய சேதி மிஞ்சியது. 'எனக்குக் கணக்கு வராது', 'நான் பிறவிக் கோபக்காரன்' என்று நம்மைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கைகளும் பெரும்பாலும் யாரோ ஃபார்வர்டு செய்த முட்டைகள்தான். எல்லாவற்றையும் சந்தேகித்தால் பைத்தியம் பிடிக்காதா என்பீர்கள். நிலவியலாளர் சந்தேகித்தது கல்லை; காலடித் தரையை அல்ல. சரி, மனம் அடங்கினால் போதாதா? போதாது, தூங்குகிறவனுக்கும்தான் மனம் அடங்கியிருக்கிறது! கலங்கல் தெளிந்த பிறகு குளத்துக்குள் பார்க்கவும் வேண்டும். ரமண மகரிஷி அடங்குவது, பார்ப்பது இரண்டையும் சேர்த்தே வைத்தார். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்டதற்கு, மௌனத்தில் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களே 'நான் யார்?' என்ற சிறுநூல். தலைப்பே கேள்விக்குறியோடுதான் இருக்கிறது, கவனியுங்கள். உங்களுக்கு விடை கிடைக்க நாளாகலாம். அதுவரை கையில் கிடைத்த கல்லை அடைகாக்காதீர்கள்.