தலைவலி இல்லை சார்!

எண்பதுகளின் நடுவில், கல்லூரி என்.சி.சி.யில் இமயமலைக்கு ஆள் எடுப்பது பத்து நிமிட வேலை. பரேட் முடிந்து அவித்த முட்டையும் வாழைப்பழமும் கைக்கு வந்திருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பட்டாலியனிலிருந்து வந்த சுபேதார், டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சிக்கு இரண்டு இடம் வந்திருக்கிறது என்பார். ஆசை இருக்கிறவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். எத்தனை சுற்று என்று அவரும் சொல்லமாட்டார், கேட்கும் தைரியம் எங்களுக்கும் கிடையாது. ஒவ்வொருவராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்க, கடைசியில் மிஞ்சியது நானும் விலங்கியல் படித்த ஒருவனும்.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல சார்!"

"கால் வலிக்குதா?"

"இல்ல சார்!"

"வேற எங்கயாவது வலிக்குதா?"

"இல்லவே இல்ல சார்!"

செலக்‌ஷன் முடிந்தது. எதற்குப் போக ஆசைப்படுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இலவச ரயில் பயணம் என்று உண்மையைச் சொல்லியிருப்போம். அரசு மருத்துவமனை டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், "ஃபிட்" என்று எழுதினார். எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை நின்றது. அத்தனை பேரும் நிஜமான நோயாளிகள்.

தயாரிப்பு என்று பார்த்தால், குளிர்காலத்தில் நடைபாதையில் கடை விரிக்கும் திபெத்தியரிடம் பேரம் பேசி வாங்கிய ஒரு ஸ்வெட்டர், சித்தப்பாவின் மங்கி குல்லா, அம்மா கட்டித் தந்த பருப்புப் பொடி. அம்மாவின் கவலை ஒன்றுதான்: "அங்க சோறு போடுவாங்களாடா?" அப்பா அதுகூடக் கேட்கவில்லை. என்.சி.சி.யின் சி சர்டிபிகேட் இருந்தால் போலீஸ் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இமயமலையும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஹவுரா, அங்கிருந்து சியால்தா போய் வேறு ரயில், நியூ ஜல்பைகுரியில் இறங்கி ஜீப். டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்துக்குப் போக உயிரியல் பூங்கா வழியாகத்தான் நடக்க வேண்டும். இரண்டும் ஒரே வளாகம். சமவெளியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த எங்களைக் கூண்டிலிருந்த பனிச்சிறுத்தை சட்டை செய்யவில்லை. டென்சிங் நோர்கே 1953 மே 29 அன்று எவரெஸ்ட்டில் நின்றதை ஒட்டி, மறு ஆண்டு நவம்பரில் நேருவின் ஆர்வத்தால் தொடங்கிய நிலையம் அது. களப்பயிற்சிக்கு முதல் இயக்குநர் டென்சிங்கேதான். எங்கள் காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் நவாங் கோம்பு. 1963, 1965 என்று எவரெஸ்ட்டை இரண்டு முறை ஏறிய முதல் மனிதர். தூரத்திலிருந்து பார்த்தோம். சைக்கிளில் போய் ரேஷன் வாங்கிவருகிற யாரோ ஒருவர் மாதிரிதான் இருந்தார். எங்கள் சுபேதார் நடத்திய ஓட்டத்தில் அவர் தேறியிருப்பாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

டார்ஜிலிங்கிலேயே இருக்கும் டென்சிங் பாறையில் கயிறு கட்டி ஏறியதெல்லாம் உற்சாகமாகத்தான் போனது. பிறகு சிக்கிம். யுக்சோமிலிருந்து நடை தொடங்குகிறது, ஏறத்தாழ 5,800 அடி. ஜோங்ரி வரும்போது 13,000 அடி தாண்டிவிடும். அதற்கும் மேலே சௌரிகாங் என்ற இடத்தில், 14,600 அடியில் அடிவார முகாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்கு கூட இல்லை. தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உயரத்தால் வரும் தலைவலி பொதுவாகத் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேலே. அதாவது நம் ஊரில் எவ்வளவு மலை ஏறினாலும், பாடத்தின் முதல் வரி வந்ததுமே புத்தகம் முடிந்துவிடுகிறது.

வழியெல்லாம் பயிற்றுநர் சொன்னது ஒரே சொல்: "பிஸ்தாரே, பிஸ்தாரே." மெதுவாக, மெதுவாக. விலங்கியல் மாணவனுக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஓடி ஜெயித்து வந்தவன் மாடு மாதிரி நடப்பானா? எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தான். ஜோங்ரியில் அன்று இரவு அவன் தட்டில் சாதம் அப்படியே இருந்தது. "தலை வலிக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார்கள், ஜாடையிலும் கேட்டார்கள். மைதானத்தில் சுபேதாருக்குச் சொன்ன பதிலையே அட்டென்ஷனில் நின்று சொன்னான். பயிற்றுநர் பதிலைக் காதில் வாங்கவில்லை, தட்டைப் பார்த்தார். பிறகு அவனை ஒரு கோடு மேலே நேராக நடக்கச் சொன்னார். நடை கோணியது. பொழுது விடிந்ததும் ஒரு ஆளைத் துணை சேர்த்துக் கீழே இறக்கிவிட்டார்கள். இரண்டாயிரம் அடி இறங்கியதும் பசிக்கிறது என்றானாம்.

எங்களோடு வந்த ஒரு கேரளத்துப் பையன் ஆரம்பம் முதலே புலம்பல்காரன். தலை வலிக்கிறது, குமட்டுகிறது, தூக்கம் வரவில்லை, ஷூ கடிக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்வான். சொன்னதால் ஒரு நாள் ஓய்வு கொடுத்தார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், மூட்டையை இலகுவாக்கினார்கள். அவன் கடைசிவரை வந்தான். எங்கள் மைதானத்தில் அவன் இரண்டாவது சுற்றிலேயே கழன்றிருப்பான்.

இதில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1962 போரின்போது சமவெளியிலிருந்து விமானத்தில் ஏற்றி நேராக உயரமான மலைப்பகுதிகளில் இறக்கப்பட்ட நம் ஜவான்கள் இதற்கான விலையைக் கொடுத்துவிட்டார்கள். 1,925 சிப்பாய்களைக் கவனித்து இந்திய ராணுவ மருத்துவர்கள் எழுதிய கட்டுரை 1969இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. உலகம் முழுக்க இன்றும் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். உடற்கட்டு உயரத்திலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை. ராணுவம் பிறகு விதி வகுத்தது: 9,000 அடியிலிருந்து 12,000 அடிவரை ஆறு நாள், 15,000 அடிவரை நான்கு நாள், அதற்கும் மேலே இன்னொரு நான்கு நாள் பழகாமல் யாரும் வேலைக்கு இறங்கக் கூடாது. ஜெனரலுக்கும் அதேதான். கல்லூரி மைதானத்தில் ஓடி ஜெயித்தவனுக்கு விலக்கு உண்டு என்று அதில் எங்கும் இல்லை.

இந்தக் காலத்துக்கு வருவோம். நான் கல்லூரியில் ஆசிரியனாகி, என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். ஆனாலும் செலக்‌ஷன் நாளில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்கிறார்கள். மரியாதைக்குத்தான். முன்பு சுபேதாரின் விசில் செய்த வேலையை இப்போது பதினோரு பக்கப் படிவம் செய்கிறது. ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, பி.எம்.ஐ., பெற்றோர் சம்மதக் கடிதம், காப்பீடு. ஓட்டத்தை அளக்க மணிக்கட்டில் கடிகாரம். உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதையும் அது உத்தேசமாக ஒரு எண்ணில் சொல்கிறது. பிள்ளைகள் அபார்ட்மெண்ட் படிக்கட்டில் பதினைந்து கிலோ பையைச் சுமந்து ஏறி இறங்கித் தயாராகிறார்கள். பாதிக்குப் பாதி பெண்கள். எங்கள் காலத்தில் எங்கள் கல்லூரிப் பெண்கள் பிரிவு கொடி அணிவகுப்பிலும் முதலுதவியிலும் நின்றுவிடும். இது ஒன்றில் மட்டும் எந்தக் கிண்டலும் இல்லாமல் சொல்கிறேன், காலம் நன்றாகத்தான் மாறியிருக்கிறது.

நேர்காணலும் உண்டு. "எதற்காக மலையேற விரும்புகிறாய்?" என்று கேட்கிறார்கள். "நாட்டுக்காக சார்" என்கிறார்கள், ஒரே குரலில், ஒரே ராகத்தில். இலவச ரயிலுக்காக என்று ஒருவராவது சொல்வாரா என்று காத்திருந்து ஏமாந்து போகிறேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது. "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று டாக்டர் கேட்கிறார். "இல்ல சார்!" என்று மார்பை நிமிர்த்திச் சொல்கிறவன் பெயருக்கு நேரே டிக் விழுகிறது. கடல்மட்டத்தில் வைத்து யாருக்கு உயரம் ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று உறுதியாகச் சொல்லும் கருவி இன்றுவரை கிடையாது. முன்பு ஏறியபோது எப்படி இருந்தது என்பதுதான் ஓரளவு நம்பத்தகுந்த தடயம். முதன்முறை போகிற பிள்ளைக்கு அதுவும் இல்லை. மிச்சமிருப்பது அந்தப் பிள்ளை வாய் திறந்து உண்மையைச் சொல்வது ஒன்றுதான். அந்த வாயைப் பூட்டுகிறவனைத்தான் நாம் பொறுக்கி எடுத்து அனுப்புகிறோம்.

மேலே போனதும் தினமும் ஒரு தாள் கொடுக்கிறார்கள். தலைவலி, குமட்டல், களைப்பு, தலைசுற்றல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் குறைந்தால் நல்லது என்கிற தேர்வை நம் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். என்ன சாமர்த்தியம், உடனே பிடித்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் எல்லா நாளும் 0, 0, 0, 0. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைச் சதவீதத்தில் காட்டும் ஆக்சிமீட்டரையும் விடுவதில்லை. பயிற்சிக்குப் போய்வந்த ஒரு பெண் கேடட் ரகசியம் மாதிரி என்னிடம் சொன்னாள்:

"சார் வர்றதுக்கு முன்னாடி கையைத் தேய்ச்சு சூடாக்கிக்கணும் சார். நல்லா ஆழமா நாலு மூச்சு இழுத்து விட்டா, 82 இருக்கறது 88 ஆயிடும்."

"உடம்புக்கு என்னம்மா ஆச்சு?"

"உடம்பு 82தான் சார். நோட்டுல 88."

அந்த உயரத்தில் 90க்குக் கீழே போவது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை என்று வகுப்பில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் கீழே இறக்கிவிடுவார்கள் என்ற பயத்துக்கு எந்த வகுப்பும் மருந்தாவதில்லை. எங்களுக்கு அந்தப் பயம் சுபேதார் ஒருவரிடம்தான். இவர்களுக்குக் கல்லூரி வாட்ஸப் குழு, தெருமுனை ஃப்ளெக்ஸ், உள்ளூர் செய்தியாளர், வாழ்த்துச் சொல்லிவிட்ட கவுன்சிலர் எல்லோரிடமும்.

நன்றாக நடக்கும் தேர்வும் இல்லாமல் இல்லை. 2025 மே 18 அன்று என்.சி.சி. கேடட்டுகள் பத்துப் பேர், ஐந்து ஆண்களும் ஐந்து பெண்களும், எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். அவர்களை எந்த மைதானமும் தேர்ந்தெடுக்கவில்லை. 7,355 மீட்டர் உயரமுள்ள அபி காமின் சிகரத்துக்கு அனுப்பிப் பார்த்தார்கள், பிறகு சியாச்சின் அடிவாரத்தில் குளிர்காலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சிலர் வடிகட்டப்பட்டார்கள். 2014இல் பதினான்கு வயதுகூட நிறையாமல் எவரெஸ்ட் ஏறிய மலாவத் பூர்ணாவும் அப்படித்தான். தெலுங்கானாவின் அரசு விடுதிப் பள்ளிச் சிறுமி. புவனகிரிப் பாறை, டார்ஜிலிங், லடாக் என்று மலைகளே அவளை ஒவ்வொரு படியாகத் தேர்ந்தெடுத்தன. நேபாளத்தில் 16 வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லாததால் திபெத் பக்கமாக ஏற வேண்டியிருந்தது.

எந்தத் தேர்வும் தடுக்க முடியாததும் உண்டு. 2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் மேல்நிலை வகுப்பு, திரௌபதி கா டண்டா சிகரத்துக்கு அருகே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன. இறந்தவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்ட்டையும் மக்காலுவையும் அடுத்தடுத்து ஏறியிருந்தார். அவர்கள் எல்லோரும் நன்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். அதனால்தான், நம் கையில் இருக்கிற சின்ன விஷயத்திலாவது பொய்க்கு இடம் கொடுக்காதீர்கள் என்று நாற்காலியிலிருந்து அவ்வப்போது முனகுகிறேன். முதியவருக்கு டீ கொண்டுவாருங்கள் என்று பதில் வருகிறது.

போன செலக்‌ஷனில் ஒரு பையன், "கொடைக்கானல் போனப்பவே எனக்கு லேசா தலை வலிச்சுது சார்" என்று தானாகச் சொன்னான். கூடத்தில் சிரிப்பு. அவன் ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்தவன். பட்டியலில் இல்லை. எனக்கு ஓட்டு இருந்திருந்தால் முதல் பெயராக அவனை எழுதியிருப்பேன்.

அதனால் கல்லூரி முதல்வர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை கிளம்பும்போது "ஜெயிச்சுட்டு வா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "தலை வலிச்சா உடனே சொல்லு, பாதியில திரும்பி வந்தாலும் வீட்ல சோறு இருக்கு" என்று சொல்லி அனுப்புங்கள். ஃப்ளெக்ஸைப் பிள்ளை வீடு வந்து சேர்ந்த பிறகு அடித்துக்கொள்ளலாம்.