பிளக் பாயிண்ட் கோட்பாடு: ஹாலில் எது எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்பவர் யார்?

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஹாலில் சோபா ஏன் அந்தச் சுவரோரம் கிடக்கிறது என்ற கேள்விக்கு அறிவுலகம் இதுவரை உரிய மரியாதை தரவில்லை. உள் அலங்கார நிபுணரைக் கேட்டால் வெளிச்சம், காற்றோட்டம், நடக்கும் வழி என்பார். வாஸ்து நிபுணர் எட்டுத் திசையையும் சாட்சிக்கு அழைப்பார். அந்த வீட்டில் குடியிருப்பவரைக் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்: “அங்கதாங்க பிளக் இருக்கு.” இம்மூன்று விடைகளில் கடைசி விடையே அறிவியலுக்கு நெருக்கமானது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை முதலில் சொல்லிவிடுவது முறை. 10க்கு 12, மிஞ்சிப்போனால் 10க்கு 14 அடி ஹால் உள்ள அடுக்குமாடி வீடுகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. பங்களாக்களை விலக்கிவிட்டேன். அங்கே இடம் இருக்கிறது; இடம் இருக்கும் இடத்தில் ஆய்வுக்கு இடமில்லை.

முன்னோர் ஆய்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ரயிலின் உணவுப் பெட்டிச் சமையலறையைப் பார்த்து, ஏறத்தாழ 1.9க்கு 3.4 மீட்டருக்குள் ஒரு முழுச் சமையலறையை அடக்கிக் காட்டினார். அதுதான் புகழ்பெற்ற ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் நாய்ஃபர்ட் 1936இல் மேசை, நாற்காலி, கதவு, மாடிப்படி என்று எல்லாவற்றின் அளவையும் ஒரே நூலில் தொகுத்தார். லெ கார்பூசியே 1.83 மீட்டர் உயரமுள்ள ஒரு மனிதரைக் கற்பனை செய்து, அவர் கையைத் தூக்கினால் 2.26 மீட்டர் என்று கணக்கிட்டு, அதிலிருந்து கட்டடங்களையே வரைந்தார். மூவரும் மேதைகள். மூவரும் செய்த பிழை ஒன்றுதான்: மனித உடலை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். நம் ஹாலின் அளவுகோல் மனித உடல் அல்ல, ஒயர். டிவியோடும் டேபிள் ஃபேனோடும் கம்பெனி கொடுக்கும் ஒயர் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. பிளக் பாயிண்டை மையமாக வைத்து அந்த நீளத்தில் ஒரு வட்டம் போட்டால், குடும்பத்தின் மாலை நேர வாழ்க்கை முழுவதும் அதற்குள் அடங்கும். இதுவே என் முதல் விதி.

வரலாற்றுச் சான்று தேடுவோர் 1975 ஆகஸ்ட் 15ஐப் பார்க்க வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கிய நாள் அது. அதற்கு முன் ஹாலில் ரேடியோதான் ராஜா. அதைக் கேட்க யாரும் எந்தப் பக்கமும் திரும்ப வேண்டியதில்லை என்பதால் நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருந்தன. டிவி வந்தபின் எல்லா நாற்காலிகளும் ஒரே சுவரைப் பார்த்துத் திரும்பின. எந்தச் சுவர்? மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து இறங்கிய பட்டை ஒயர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்ததோ, அதை ஒட்டிய சுவர். பிறகு கேபிள்காரர் வந்தார். கையில் டிரில்லிங் மெஷினோடு, ஏணியை எங்கே சாய்க்க வசதியோ அங்கே ஓட்டை போட்டார். இப்போது ஃபைபர் இணைப்புக்காரரும் அதே ஓட்டையைத்தான் முதலில் தேடுகிறார். ஆட்கள் மாறினாலும் ஓட்டை மாறவில்லை.

இனி ஃபிரிட்ஜ். சமையலறைப் பொருளான இது ஹாலில், அதுவும் வாசலுக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டு வெளிநாட்டு அறிஞர்கள் குழம்பக்கூடும். குளிர்ந்த தண்ணீர் கொடுத்து விருந்தினரை உடனே வரவேற்கும் பண்பாடு என்று சிலர் விளக்கம் சொல்லவும் கூடும். உண்மைக் காரணம் எளிது. நம் வீடுகளில் இரண்டு வகை சாக்கெட் உண்டு: விளக்கு, டிவி வகையறாவுக்கு 6 ஆம்பியர், கீசர், ஏசி, வாஷிங் மெஷின் போன்ற பெரிய மனிதர்களுக்கு 16 ஆம்பியர். சமையலறைக்கு இரண்டு மூன்று பாயிண்டுகள்தான் கொடுத்திருப்பார்கள். மிக்ஸி ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், கிரைண்டர் இன்னொன்றை. மிச்சம் இருந்தால் வாட்டர் ஃபில்டர். ஃபிரிட்ஜ் அகதியாக ஹாலுக்கு வருகிறது. வந்த பிறகு அதன் தலைமேல் ஒரு துணி, துணிமேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி, பூச்சாடிக்குப் பின்னால் மின் கட்டண ரசீதுகள் என்று அதற்கும் குடியுரிமை கிடைத்துவிடுகிறது.

ஒயரே இல்லாத பீரோவை என் கோட்பாடு எப்படி விளக்கும் என்று எதிர்தரப்பு கேட்கலாம். நியாயமான கேள்வி. வாஸ்துப்படி பீரோவின் இடம் தென்மேற்கு, அதாவது கன்னி மூலை. கதவு குபேரனின் திசையான வடக்கைப் பார்த்துத் திறக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அந்த மூலையில் பல சமயம் பாத்ரூம் உட்கார்ந்திருக்கும். ஆகவே போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்பமே அறையைச் சுற்றி வரும். கடைசியில் போனைப் பீரோவின் மீதே வைத்துத் திசை பார்ப்பார்கள். இரும்புக்குப் பக்கத்தில் திசைகாட்டி தடுமாறும் என்பது பள்ளிப் பாடம். ஆகவே அது காட்டும் வடக்கு பீரோவின் வடக்கு, பூமியின் வடக்கு அல்ல. மாற்றத் தேவையில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறும். எங்கே வைத்தாலும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு நல்ல பிளக் பாயிண்ட் மறைந்திருக்கும் என்பது இரண்டாம் விதி. இதற்கு விதிவிலக்கான ஒரு வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே பீரோவும் பிளக்குக்குக் கட்டுப்பட்டதே. மற்றவை பிளக்கைத் தேடிப் போகின்றன, பீரோ பிளக்கின் மேல் போய் நிற்கிறது.

சோபாவைப் பற்றிக் கணித உலகம் நம்மைவிடக் கவலைப்பட்டிருக்கிறது. சம அகலமுள்ள இரண்டு நடைபாதைகள் செங்கோணத்தில் சந்திக்கும் மூலையில், திருப்பிக் கொண்டுபோகக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு என்ன என்று 1966இல் லியோ மோசர் கேட்டார். ஜோசப் கெர்வர் 1992இல் கொடுத்த விடை, நடைபாதையின் அகலம் 1 என்றால் சோபாவின் பரப்பு சுமார் 2.2195. அதற்கு மேல் சாத்தியமே இல்லை என்பதற்குத் தென்கொரியாவின் பேக் ஜினியன் 2024இல் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட நிரூபணம் வெளியிட்டார். நம் வீட்டு நடையின் அகலம் மூன்றடி என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 20 சதுர அடி வருகிறது. கடையில் வாங்கிய மூவர் சோபா 7க்கு 3, அதாவது 21 சதுர அடி. கணிதப்படி அது நம் ஹாலுக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது.

வந்து சேர்ந்திருக்கிறது. காரணம், கெர்வர் தரையோடு தரையாகத்தான் தள்ளிப் பார்த்தார். நம் லோடுமேன்கள் மூன்றாம் பரிமாணத்தை அறிந்தவர்கள். மாடிப்படித் திருப்பத்தில் நின்று கவனித்தால் தெரியும். “நிமித்து… இன்னும் நிமித்து… கால் பக்கம் உன்னாண்ட வாங்கு… சார், அந்தக் கதவை மட்டும் கழட்டிடலாமா?” சோபா செங்குத்தாக எழுந்து, அரைச் சுற்றுச் சுற்றி, சுவரில் ஒரு கோடு கிழித்துவிட்டு உள்ளே வந்துவிடும். உள்ளே வந்தபின் டிவிக்கு எதிரே போய்விடும் என்பது வெளிப்படை. நுட்பம் அதற்குப் பிறகு இருக்கிறது: செல்போன் சார்ஜர் எட்டும் முனை எதுவோ, அந்த முனையில் பஞ்சு அமுங்கியிருக்கும். நடு இருக்கை மட்டும் ஆண்டுக்கணக்கில் புதிது போலவே இருக்கும்.

இரவில் இதே ஹாலுக்கு வேறொரு வரைபடம் உண்டு. டீப்பாய் சுவரோரம் ஒதுங்கும், பாய் விரியும், தலையணைகள் வரும். வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதில் சமரசம் கிடையாது. ஃபேனுக்கு நேர் கீழே யார் என்பதில் தினமும் பேச்சுவார்த்தை. 48 அங்குல ஃபேன் ஒன்று, படுப்பவர் நான்கு பேர். ஓரத்தில் படுத்தவர் விடியும்போது நடுவில் இருப்பார்.

அந்த ஃபேன் அங்கே தொங்குவது எவர் முடிவு? இங்கேதான் ஆய்வின் மையக் கேள்விக்கு விடை இருக்கிறது. மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன், கம்பி கட்டி முடித்த கையோடு, எலக்ட்ரீஷியன் ஏறி பைப்புகளைப் பரப்புவார். ஃபேன் பாக்ஸை ஒரு இடத்தில் கட்டுவார். சில மணி நேரத்தில் அதன்மேல் கான்கிரீட் விழுந்துவிடும். அதன்பின் சாகும்வரை ஃபேன் அங்கேதான். அந்த நேரத்தில் வீட்டுச் சொந்தக்காரர் எங்கே? கீழே, வேலையாட்களுக்கு வாங்கிவந்த பிரியாணிப் பொட்டலம் சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருப்பார். மேலே முப்பது ஆண்டுகளுக்கு அந்தக் குடும்பம் எங்கே உட்காரும், எங்கே படுக்கும் என்பது முடிவாகிக்கொண்டிருக்கும். சுவரில் காடி வெட்டும் நாளிலும் இதே கதைதான். “சுவிட்சு எங்க வெக்கிறது சார்?” என்பார் அவர். “நீங்களே பாத்து நல்லா வெச்சிடுங்க” என்பார் இவர். ஆகவே நம் ஹால்களின் உண்மையான வடிவமைப்பாளர் எலக்ட்ரீஷியனே. கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவர் பெயர் இல்லாதது வரலாற்று அநீதி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இக்கோட்பாட்டை உடைக்கிறது என்று வாதிடுவோருக்குப் பதில் உண்டு. பாக்ஸ் பாயிண்டை நகர்த்துகிறதே தவிர, ஒயரைத் தடுக்கிவிழும் தாத்தாவை அது ஒன்றும் செய்யவில்லை. தவிர, ஏசியையும் ஹீட்டரையும் அதில் சொருகினால் கருகும் வாடைதான் வரும்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூச்சு வேலைக்கு முன் ஒரு சாக்பீஸோடு போய், கட்டில், பீரோ, சோபா, டிவி எல்லாவற்றையும் தரையிலும் சுவரிலும் அளந்து கோடு போட்டுவிடுங்கள். சுவருக்கு இரண்டு பாயிண்ட் கேளுங்கள். ஹாலில் ஒன்றாவது 16 ஆம்பியராக இருக்கட்டும். அன்றைக்கு அது சில மீட்டர் ஒயரும் ஒரு பெட்டியும்தான். பூசி, பெயின்ட் அடித்த பிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டும்.