திருவாளர் திடகாத்திரன்

முப்பது வயதைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற, உத்தியோகமும் இடுப்பும் ஒருசேரப் பெருத்து வருகிற, காய்ச்சலுக்கு வெந்நீரும் தலைவலிக்குத் தூக்கமுமே உத்தமமான ஔஷதங்கள் என்று நம்புகிற வாலிபர்கள் தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். எங்கள் மதுரைத் தெருவில் உள்ள அப்படிப்பட்ட ஒருவருக்கு, நாகரிகம் கருதி, திடகாத்திரன் என்று நாமகரணம் செய்து வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

அவரை அசட்டையான மனிதர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தகப்பனாரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை போன மாதம் எவ்வளவு, அதற்கு முந்தின மாதம் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தாயாரின் தைராய்டு மாத்திரை காபிக்கு முன்பே உள்ளே போயிற்றா என்று தினந்தோறும் விசாரணை நடத்துகிறவர் அவர். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்கு டோக்கன் போட்டால் சீக்கிரம் கூப்பிடுவார்கள், எந்த லேபில் வலிக்காமல் ஊசி குத்துவார்கள் என்பன போன்ற நுட்பங்களைத் தெரு முழுவதும் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அப்பேர்ப்பட்டவரிடம், "தம்பி, நீங்கள் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன சார்?" என்ற எதிர்க்கேள்விதான் வரும்.

அந்த அலட்சியத்துக்குப் பின்னால் ஒரு சித்தாந்தமே இருக்கிறது. வியாதி என்பது தேகத்தில் உற்பத்தியாவதே இல்லை. பரிசோதனைக் கூடத்தில், கம்ப்யூட்டரிலிருந்து காகிதம் வெளியே வருகிற அந்தச் சுபமுகூர்த்தத்தில்தான் அது ஜனனம் எடுக்கிறது என்பது அவருடைய கட்சி. "டெஸ்ட் எடுத்தால் ஏதாவது ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள் சார்! எதிர்வீட்டு மாமா ராஜா மாதிரி நடமாடிக்கொண்டிருந்தார், செக்கப்புக்குப் போனார், மறுநாளே மூன்று மாத்திரை" என்று அவர் திருஷ்டாந்தம் காட்டும்போது, தர்க்கம் படித்தவர்களும் சற்றுத் தடுமாறத்தான் செய்வார்கள்.

அவருடைய கம்பெனி ஆண்டுக்கொரு முறை இலவச முழு உடல் பரிசோதனைக்குச் சீட்டு வழங்குகிறது. அது மேசை இழுப்பறையில் மார்ச் 31 வரை யோகநித்திரையில் இருந்துவிட்டுக் காலாவதியாகிறது. அதே மார்ச் மாதத்தில், பழைய முறை வருமான வரிக் கணக்கில் உடல் பரிசோதனைச் செலவுக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டென்பது ஞாபகத்துக்கு வந்து, பெற்றோரை லேபுக்கு இழுத்துக்கொண்டு ஓடி ரசீதைப் பத்திரப்படுத்துகிறவரும் அவரேதான்.

ஒரு முறை மட்டும் தப்ப முடியவில்லை. விவாகம் நிச்சயமானதும், மாமனாராகப் போகிறவர் ஆயுள் காப்பீடு ஒன்று எடுத்து வைக்கும்படி யோசனை சொல்ல, காப்பீட்டுக்காரர்கள் ரத்தம் கேட்டுவிட்டார்கள். திடகாத்திரன் மூன்று நாள் விரதம் பூண்டார். இரவுப் பரோட்டாவைத் துறந்தார். ஜிகர்தண்டாக் கடை வழியே போவதைத் தவிர்த்தார். மாலைதோறும் வண்டியூர்த் தெப்பக்குளத்தை வியர்க்க வியர்க்கச் சுற்றிவந்தார். பலன் கைமேல் கிடைத்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 98, நூறுக்குக் கீழே! ஆனால் லேபுக்காரர்கள் மூன்று மாதச் சராசரியையும் பார்த்திருந்தார்கள். ரத்தச் சிவப்பணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருப்பது. அதனுள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை, மூன்று நாள் பட்டினிக்கெல்லாம் உதிர்ந்துவிடுவதில்லை. சித்திரகுப்தன் கணக்கைப்போல் மூன்று மாதப் பரோட்டாவும் அதில் பதிவாகியிருந்தது. முடிவு 6.1.

நம்மவர் கலங்கவில்லை. 6.5 வந்தால்தானே நீரிழிவு? ஆகவே 'பாஸ்' என்று தீர்மானித்துவிட்டார். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வாசற்படி என்று ஒரு டாக்டர் சொன்னதற்கும் அவரிடம் சமாதானம் இருந்தது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர், வாசற்படியில் நிற்பவர்களோ 13 கோடியே 60 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டிருப்பதை எங்கேயோ படித்துவிட்டு, "பாருங்கள், நான் பெரும்பான்மைக் கட்சி" என்றார்.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்டில் அரசாங்கம் தொடங்கிய திட்டத்தின்படி, அவர் வீட்டுக்குச் சுகாதாரத் தன்னார்வலரான அம்மாள் ஒருவர் தகப்பனாருக்கு மாத்திரை கொண்டுவருவது வழக்கம். அவர் குரல் வாசலில் கேட்டதும் திடகாத்திரன் கொல்லைப்புற வழியாக அந்தர்த்தானமாவதும் வழக்கம். ஒரு நாள் பூனைத் தொல்லை தாங்காமல் தாயார் கொல்லைக் கதவைத் தாழிட்டிருந்தாள்.

"தம்பி, அப்படியே உங்களுக்கும் பிரஷர் பார்த்துடலாம். கையை நீட்டுங்க."

"எனக்கென்னக்கா? ஆபீசுக்கு நேரமாச்சு."

"ஒரு நிமிஷந்தான் தம்பி."

பட்டை புஜத்தை இறுக்கித் தளர்ந்தது. 150-க்கு 96. "மெஷின் சரியில்லை" என்று உடனே தீர்ப்பு வழங்கிய திடகாத்திரன், அதை நிரூபிப்பதற்காகத் தகப்பனாருக்கும் பார்க்கச் சொன்னார். வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டு வரும் அந்தக் கிழவருக்கு 126-க்கு 80 காட்டியது. "எனக்கென்னடா?" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணக்கூடாது தம்பி. காபி குடிக்காம, அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்ந்து, இன்னொரு நாளும் பார்க்கணும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க" என்றார் அந்த அம்மாள். சாஸ்திரோக்தமான பேச்சு, அதில் ஓரெழுத்தைக்கூட மறுப்பதற்கில்லை. ஆனால் திடகாத்திரனின் செவி முதல் வாக்கியத்தோடு மூடிக்கொண்டது. ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று வைத்திய இலாகாவே ஒப்புக்கொண்டுவிட்டது என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறார். இரண்டாவது தடவை பார்த்தால்தானே முடிவு செய்வார்கள் என்று அந்தப் பக்கமே போவதுமில்லை. ரத்த அழுத்தம் பெரும்பாலும் வலியோ மயக்கமோ காட்டாமல், சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கண்ணையும் சாவகாசமாகக் கெடுக்கிற ரோகமாதலால், அவருடைய கட்சிக்கு இன்றுவரை தோல்வியும் ஏற்படவில்லை.

வாசகர்கள் வீட்டிலும் ஒரு திடகாத்திரன் இருக்கக்கூடும். சுகாதாரப் பணியாளர் வருகிற நாளை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டு, அன்று காலையில் கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியைத் தாயார் முடிந்து வைத்துக்கொள்ளுமாறு வேண்டிக்கொள்கிறேன்.